ஒட்டடையின் பூட்டு

சூரிய மின் நிலையத்தில் பலகை கழுவும் நாளுக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. தண்ணீர் வழிந்தோடும்படி பலகைகளை மேற்குப் பார்க்கச் சாய்த்து நிறுத்திவிடுவார்கள். பிறகு, கழுவ இறங்கும் ஒவ்வொருவரும் மோட்டார்ப் பெட்டியில் தன் பூட்டைத் தொங்கவிட வேண்டும். சாவி அவரவர் இடுப்பில் இருக்கும். கடைசிப் பூட்டும் கழன்றால்தான் பலகைகள் அசையும். ஒருவர் பூட்டை இன்னொருவர் தொடக்கூடாது. இந்த முறை வருவதற்கு முன், ஆள் இருப்பது தெரியாமல் யாரோ பலகையைத் திருப்பிவிட, ஒரு தொழிலாளியின் கை தூணுக்கும் பலகையோடு சுழலும் குழாய்க்கும் நடுவே சிக்கிப் போனது. அந்தக் கையைத் தன் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் எஞ்சினியரம்மா. மேலிடத்தோடு மல்லுக்கட்டிப் பூட்டு முறையைக் கொண்டுவந்தவளும் அவள்தான்.

இன்று அந்தப் பெட்டியின் முன் கையில் பூட்டை வெட்டும் கட்டரோடு நின்றாள். வேலையைப் பாதியில் நிறுத்தி எல்லாரும் கழற்றியாயிற்று. ஒரு பூட்டு மட்டும் தொங்கியது. ஒட்டடையுடையது. ஒட்டடைக்கொம்பு போல ஆள் நெட்டையாக இருப்பான், அதனால் வந்த பெயர்.

வேலிக்கு மேற்கே ஓடுதளம். அதற்கு அப்பால் வானத்தில் அவளுடைய தம்பி, நோயாளிகளை ஏற்றிவரும் சின்ன விமானத்தை ஓட்டியபடி சுற்றிக்கொண்டிருந்தான். மற்ற நாட்களில் பலகைகள் சூரியனோடு கூடவே திரும்பும்; வெளிச்சம் வந்த வழியே வானத்துக்குப் போய்விடும். விமானிக்குக் கண் கூசுமா என்று ஆராய்ந்தவர்களும் அந்த நாட்களைத்தான் பார்த்தார்கள். கழுவும் நாள் எவருக்கும் தோன்றவில்லை. தம்பிதான் ஒருநாள் சாப்பிடும்போது, "நீ பலகை கழுவுற அன்னிக்கு என் கண்ணுல மிளகாய்ப்பொடி தூவுறக்கா" என்றான். கறுப்புக் கண்ணாடி வாங்கித் தருகிறேன், மாப்பிள்ளை மாதிரி இருப்பாய் என்று சிரித்தாள். சிரித்தாலும் அன்றிலிருந்து கழுவுவதை, வெயில் பலகைகளின் முதுகில் விழும் காலை வேளைக்கு மாற்றிவிட்டாள்.

இன்று காலையில் பம்பு மக்கர் செய்ய, வேலை பிற்பகலுக்குத் தள்ளிப்போனது. விமானம் எதுவும் வராது என்று கேட்டுக்கொண்டுதான் பலகைகளைச் சாய்த்தாள். அவசரம் சொல்லிக்கொண்டா வருகிறது?

போனில் ஓடுதளத்து ரேடியோக்காரர் இருந்தார். தம்பி ஒருமுறை இறங்கப் பார்த்து, கண் கூசித் தளமே தெரியாமல் மேலே ஏறிவிட்டான். எதிர்ப்பக்கமாக இறங்கலாமே என்று அவள் கேட்டாள். காற்று கிழக்கிலிருந்து அடிக்கிறது, பின்னாலிருந்து தள்ளினால் இந்தக் குட்டைத் தளத்தில் விமானம் நிற்காது என்றார். விமானத்துக்குள் ரத்தப்போக்கு நிற்காத பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி. வேறு ஊருக்குத் திருப்ப நேரமில்லை.

"இன்னொரு சுத்து அந்தப் பொண்ணு தாங்காதாம்மா. இந்தத் தரம் இறங்கியே தீருவேங்கிறான்."

ஒட்டடையைத் தேடி ஆட்கள் வரிசை வரிசையாகக் கத்திக்கொண்டு ஓடினார்கள். கடைப்பக்கம் போயிருப்பான் என்றான் ஒருவன். கழுவும் தண்ணீரைப் பீச்சும் டிராக்டர்காரர் இல்லையென்று தலையாட்டினார். "நிழல் கண்டா படுத்துருவான்மா. படுத்தான்னா இடி விழுந்தாலும் கேக்காது."

எந்தப் பலகைக்கு அடியில்? அது யாருக்கும் தெரியாது. கட்டரின் வாயைப் பூட்டின் கழுத்தில் வைத்தாள். ஓர் அழுத்து அழுத்தினால் போதும், பலகைகள் படுத்துவிடும், தம்பிக்குத் தரை தெரியும். ஒட்டடை கடைக்குப் போயிருந்தால் ஒன்றுமில்லை. போகாவிட்டால்? துப்பட்டாவில் சுற்றியிருந்த கையின் சூடு இன்னும் அவள் உள்ளங்கையில் இருந்தது.

"வெட்டும்மா, வேற வழியில்ல," என்றார் ரேடியோக்காரர். அவளுக்கு அழக்கூட வரவில்லை. அழுத்தவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். கழுவிய வரிசைகள்தான் உலை போல எரிந்தன. கழுவாதவை புழுதியேறி மங்கிக் கிடந்தன.

"குழித்தண்ணிய அடிங்கண்ணே!" என்றாள். "கழுவினதுமேல சேத்த அடிங்க. எல்லாத்து மேலயும்."

மதியத்திலிருந்து இடுப்பொடியக் கழுவியது. ஆனாலும் டிராக்டர்காரர் உடனே ஓடினார். கழுவிய நீர் தேங்கும் குழியில் குழாயை இறக்கி, அடிச்சேற்றைக் கலக்கி உறிஞ்சிப் பீச்சினார். மற்றவர்கள் வாளியிலும் கையிலும் அள்ளி வீசினார்கள். முன்வரிசைகள் அணைந்தன. பின்வரிசைகள் எரிந்துகொண்டேயிருந்தன. அதற்குள் எஞ்சின் சத்தம் தணிந்து நெருங்கிவிட்டது.

அவள் ஓடுதளத்தைப் பார்க்கவில்லை. பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சக்கரம் தரையில் மோதும் சத்தம், பிறகு ஏதோ கிழியும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. போனிலும் ஒன்றுமில்லை. கூப்பிட்டாள், கூப்பிட்டாள்.

வெகுநேரம் கழித்து மூச்சிரைக்க ரேடியோக்காரரின் குரல் வந்தது. தளத்தைத் தாண்டிப் புல்லில் போய் நிற்கிறது, ஒரு இறக்கை மடங்கிவிட்டது, அந்தப் பெண்ணை உயிரோடுதான் ஆம்புலன்ஸில் ஏற்றுகிறார்கள் என்றார். தம்பியிடம் போனைக் கொடுத்தார்.

"அக்கா, கண்ணு முழுக்கப் பச்சை பச்சையா மிதக்குது. எதிர்ல நிக்கிறவர் மூஞ்சி தெரியல. கடைசியில கொஞ்சம் கறுப்பாத் தெரிஞ்சுது, அதைப் பிடிச்சுத்தான் இறக்கினேன்." பிறகு, "இது போயிடும்லக்கா?" என்றான்.

அவளுக்குத் தெரியாது. போயிடும்டா என்றாள்.

முன்வரிசைப் பலகை ஒன்றின் அடியிலிருந்து, நீண்டு உயர்ந்த உருவம் ஒன்று கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தது. தலையெல்லாம் சேறு. கழுவினதுமேல எந்த வெங்காயம் சேறு அடிச்சது என்று பொதுவாகக் கேட்டது. எல்லார் பார்வையும் அவளுடைய கையில் இருந்தது. கட்டர் இன்னும் பூட்டைக் கவ்வியபடியே இருந்தது. விரல்கள் பிரிய மறுத்தன. டிராக்டர்காரர்தான் ஒவ்வொன்றாக விடுவித்தார்.

ஒட்டடை பூட்டின் கழுத்தில் பதிந்திருந்த பல்தடத்தைத் தடவிப் பார்த்தான். தான் படுத்திருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து, இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

"இப்பத் திருப்பிக்கங்கம்மா," என்றான்.