கேட்காத சம்மதம்

அனந்தலக்ஷ்மி பன்னிரண்டு வயதில் விதவையானவள். கரமனை அக்கிரகாரம் பேசியதையெல்லாம் பொருட்படுத்தாமல் அவளைப் படிக்க வைத்தவர் அப்பா ராமசுப்ரமணியன். திருவனந்தபுரத்தில் பெண்கள் கல்லூரி ஒன்றில் கணித ஆசிரியை வேலை கிடைத்தபோது, பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவரும் அவர்தான்.

வடிவியல் என்றால் அவளுக்குப் பித்து. பள்ளிப் பிள்ளைகள் தேற்றங்களைப் புரியாமலே நெட்டுருப் போடுவது பொறுக்கவில்லை. புதிதாக ஒரு பாடநூல் எழுதத் தொடங்கினாள். கூட எழுத வந்தவர் யோசுவா, நாகர்கோவில்காரர், வேறொரு கல்லூரியில் விரிவுரையாளர்.

காகிதமும் கத்தரிக்கோலுமாக இருவரும் பள்ளி பள்ளியாகப் போனார்கள். வித்துராவில் ஒரு வகுப்பே முக்கோணம் வெட்டி, மூன்று மூலைகளையும் கிழித்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியது. எல்லோருக்கும் நேர்கோடு வந்தது. கூச்சல் கேட்டு அடுத்த வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

"இனி நிரூபணம் சொன்னா கேப்பாங்க டீச்சர்," என்று யோசுவா சிரித்தார்.

அடுத்த வாரம் கல்லாற்றுக்குப் போனார்கள். ஆற்றங்கரையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் அவர் கேட்டார்.

"நாம கல்யாணம் பண்ணிக்கிடலாமா டீச்சர்?"

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா எனக்காக ஊரோட சண்டை போட்டவர். அவரைத் தலைகுனிய வைக்க என்னால முடியாது சார்."

"ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. இல்லன்னா நானே வந்து பேசுதேன்."

"வேண்டாம்."

அவர் மறுபடி கேட்கவில்லை. வேறு யாரையும் கட்டிக்கொள்ளவும் இல்லை. நூல் பாதி முடிந்திருந்தபோது மலேரியாவில் போய்விட்டார். நாகர்கோவில் கல்லறைத் தோட்டத்தில், கல்லூரிக்காரர்களின் கூட்டத்தில் கடைசி ஆளாக அனந்தலக்ஷ்மி நின்றாள். கிட்டே போக அவளுக்கு எந்த உறவும் இல்லை.

மீதியைத் தனியாக எழுதி முடித்தாள். அச்சாகி வந்த நூலைப் படுக்கையில் இருந்த அப்பாவிடம் காட்டினாள். அட்டையில் இரண்டு பெயர்களும் இருந்தன. அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இந்த யோசுவா உன்னைக் கேட்டானோ?"

ஆமென்று அவள் தலையசைத்தாள்.

"நீயா வந்து சொல்லுவேன்னு பாத்துண்டிருந்தேன். வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டேன் குழந்தே. நீ கேக்கவே இல்லையே."

"நீங்களாவது கேட்டிருக்கப்படாதா அப்பா?"

"உன் மனசுல இல்லாததை நானா கிளப்பிடப்படாதேன்னு இருந்துட்டேன்."

கஞ்சியை ஆற வைத்துவிட்டு அவள் பின்கட்டுக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்து, கஞ்சியை ஊட்டினாள்.