அடுத்தவன் நிரப்பிய தோட்டா

என் புருஷன் ஹோலிஸும் நானும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. ஆகவே எங்களுக்குள் நீ, வா, போதான். மரியாதையெல்லாம் பாதிரியார் வீட்டுக்கு வந்தால் மட்டும். அவனுக்கு மதம் இரண்டு. ஒன்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்; அங்கே பிரசங்கத்தின் பாதியிலேயே தூங்கிவிடுவான். இன்னொன்று, அடுத்தவன் நிரப்பிய தோட்டாவைச் சுடக் கூடாது என்பது. அதில் ஒருநாளும் கண்ணசந்ததில்லை.

அவன் சிநேகிதன் எல்வினின் தம்பி செத்தபோது, தம்பி பெண்டாட்டி ஒரு காப்பி டப்பா நிறையத் தோட்டாக்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாம் செத்தவர் தன் கையாலேயே வெடிமருந்து போட்டு நிரப்பியவை. ஹோலிஸ் அத்தனையையும் உட்கார்ந்து பிரித்தான். மருந்தை என் ரோஜாச் செடிகளுக்கு உரமாகத் தூவினான், ஈயத்தை உருக்கினான், பித்தளைக் கூடுகளைக் கழுவி அவளிடமே திருப்பிக் கொடுத்தான். "செத்தவன் நல்லவன்தான். ஆனா அவன் மருந்து போடறப்போ நான் பக்கத்துல இல்லையே" என்றான். எல்வின் ஒரு மாதம் பேசவில்லை.

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு டெரிஞ்சர். உள்ளங்கையில் அடங்கிவிடும் துப்பாக்கி. மேலும் கீழுமாக இரண்டு குழல், குழலுக்கு ஒரு தோட்டா. பார்த்தால் விளையாட்டுச் சாமான். கடைத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் கழுதை உதைத்த மாதிரி மணிக்கட்டு வீங்கிவிடும். அதனால் என் கைக்கும் மகள் ரோனாவின் கைக்கும் ஏற்றபடி மருந்தைக் குறைத்து ஹோலிஸே நிரப்பித் தருவான். ரோனா, மலைப்பக்கம் தனியாகக் காரோட்டிப் போய்ப் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைப் பார்க்கிற நர்ஸ். ஈ காக்கை இல்லாத பாதைகள் அவை. அப்பா போட்டுக் கொடுத்த இரண்டு தோட்டா அவள் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். நாங்கள் இருவரும் சுடுவது அவன் நிரப்பியதை மட்டும்தான். அடுத்தவன் என்கிற கணக்கில் அவன் வரமாட்டான்.

இந்தக் குளிர்காலத்திலிருந்து அவன் போக்கில் ஏதோ பிசகியது. நாய்க்கு ஒருநாள் இரண்டு தடவை தீனி வைப்பான், மறுநாள் பட்டினி போடுவான். "ஏன்யா, நாய்க்கு உபவாசமா?" என்று கேட்டால், "இப்பத்தானே வச்சேன்" என்பான். எழுபத்து மூன்று வயதில் யாருக்குத்தான் மறக்காது என்று நான் அதைத் தள்ளிவிட்டேன். பயந்தவள் அப்படித்தான் தள்ளுவாள்.

சனிக்கிழமை மத்தியானம் எல்வினையும் கூட்டிக்கொண்டு பழைய கல்குவாரியில் சுடப் போனோம். ரோனா சுட்டுக்கொண்டிருந்தாள். நாலைந்து நன்றாக வெடித்தன. அப்புறம் ஒரு சத்தம்; பாட்டில் மூடி திறந்த மாதிரி, பொட் என்று. அவள் முகம் சுளித்து, துப்பாக்கியைத் திறந்து, கூட்டைத் தட்டிவிட்டு அடுத்த தோட்டாவை எடுத்தாள்.

"போடாதே!"

ஹோலிஸ் அப்படிக் கத்தி நான் கேட்டதேயில்லை. ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். துப்பாக்கியை வாங்கி வானத்துக்கு நேரே பிடித்துக் குழல் வழியே பார்த்தான். கீழ்க் குழலில் வெளிச்சம் தெரிந்தது. மேல் குழலில் இருட்டு. குண்டு பாதியிலேயே சிக்கிக் கிடந்தது. அதன் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டிருந்தால் குழல் கிழிந்திருக்கும்.

எல்வின் கீழே கிடந்த கூட்டை எடுத்து முகர்ந்தான். "இதுல மருந்தே போடல, ஹோலிஸ்."

"கேப் மோசமா இருந்திருக்கும்." கூட்டின் அடியிலிருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியைச் சொன்னான் ஹோலிஸ்.

"கேப் மோசமா இருந்தா சத்தமே வந்திருக்காது. கேப் வெடிச்சு, அந்த வேகத்துல மட்டும் குண்டு உள்ள போயிருக்கு. ஒண்ணுல மருந்து இல்லேன்னா இன்னொண்ணுல ரெண்டு மடங்கு இருக்கும். எனக்கு இதைச் சொல்லிக் குடுத்ததே நீதான்."

ஐம்பது கூடுகளை ஒரு மரக்கட்டையின் குழிகளில் நிறுத்தி வரிசையாக மருந்து போடுவார்கள். கவனம் தப்பினால் கை ஒன்றைத் தாண்டிப்போய்விடும். இன்னொன்றில் இரண்டாம் தடவை கொட்டிவிடும். அந்த மருந்து கூட்டுக்குள் கொஞ்சம் இடம்தான் பிடிக்கும். இரண்டு மடங்கு போட்டாலும் கூடு வழியாது, கண்ணுக்குத் தெரியாது. வினையே அங்கேதான். அப்படி ஒன்றைச் சுட்ட ஒருவர் எங்கள் சர்ச்சிலேயே இருக்கிறார். இடது கையால்தான் கைகுலுக்குவார்.

"எடை போட்டுப் பாத்தா தெரியாதாப்பா?" என்றாள் ரோனா.

"கூடும் ஈயமும் ஒண்ணுக்கொண்ணு எடை மாறும்மா. பிரிச்சாத்தான் தெரியும்." அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

வீட்டுக்கு வந்து கார் ஷெட்டிலிருக்கும் மேஜையில் உட்கார்ந்தார்கள். பெட்டியில் மிச்சமிருந்தது, ரோனாவின் சட்டைப் பையில் இருந்தது எல்லாவற்றையும் கொட்டி, குண்டு கழற்றுவதற்கென்றே உள்ள, உள்ளே குடைந்த பிளாஸ்டிக் சுத்தியலுக்குள் ஒவ்வொன்றாக வைத்து, கட்டையில் ஓங்கித் தட்டிக் குண்டைக் கழற்றினான் ஹோலிஸ். எல்வின் மருந்தைத் தராசில் போட்டான். ஒவ்வொன்றும் குண்டுமணி பிசகாமல் சரியாக இருந்தது. ஹோலிஸின் தோள்கள் மெல்ல நிமிர்ந்தன.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு? சும்மா ஊரைக் கூட்டினீங்க."

"பெட்டிக்கணக்குல ரெண்டு குறையுதே" என்றான் எல்வின்.

"எங்கயாவது சுட்டிருப்பேன்."

"கை முழுசா இருக்கே, அதனால அது நல்ல தோட்டாவாத்தான் இருக்கணும்" என்று எல்வின் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

ரோனா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போனாள். "அம்மா, அப்பாவை டாக்டர்கிட்ட காட்டணும். நான் தினமும் பாக்கற வேலைம்மா இது. எனக்குத் தெரியாதா?"

"உங்கப்பா உன் கையைக் காப்பாத்தி இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகல. அதுக்குள்ள அவனைப் பைத்தியமாக்கறியா?" என்று எரிந்துவிழுந்தேன். அவள் அழுதுகொண்டே காரை எடுத்தாள். எல்வினும் கிளம்பினான்.

குறைகிற இரண்டும் எங்கே என்று எனக்குத் தெரியும். போன வாரம் சர்ச்சுக்குக் கிளம்பும்போது, "உன்னுதுல இருக்கறது பழசாயிருச்சு, புதுசு போட்டுத் தரேன்" என்று என் டெரிஞ்சரை வாங்கி அவனேதான் போட்டான். எல்வினுக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்வினிடம் சொல்வதும் ஊருக்குத் தண்டோரா போடுவதும் ஒன்றுதான். அடுப்பிலிருந்து பீன்ஸை இறக்கி வைத்தேன். டெரிஞ்சர் இருந்த கைப்பையை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். ஒரு வாரம் அந்தப் பை என் மடியில் இருந்திருக்கிறது.

மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தான். இரண்டு தோட்டாக்களையும் எடுத்து அவன் முன்னால் வைத்தேன். "இதையும் பிரி."

சுத்தியலை எடுத்தான். முதல் தோட்டா சரியாக இருந்தது. இரண்டாவதைத் தட்டிக் கவிழ்த்தான். மருந்து கொட்டியது, நின்றுவிடும் என்று நினைத்த பிறகும் கொட்டியது. தராசு முள் மேலே போய் முட்டி அங்கேயே நின்றது. நான் அவன் முகத்தையே பார்த்தேன். கத்துவான், இல்லை அழுவான், இல்லை குண்டை அழுத்திச் செருகும் பிரஸ்ஸைத் தூக்கிக் குப்பையில் போடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கூட்டைத் திருப்பி அதன் அடியைப் பார்த்தான். கேப்பின்மேல் சிவப்புப் பொட்டு. என்னுடைய தோட்டா என்று அடையாளத்துக்கு என் நகப்பாலிஷை எடுத்து அவனே வைப்பது. இருபது வருஷமாக வைக்கிறான்.

"இது உனக்கு எங்க கிடைச்சது?"

"என் பையில."

"பையிலயா? யார் குடுத்தா?"

விளையாடுகிறான் என்று நினைத்தேன். கண்ணைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன் வெல்டா! அடுத்தவன் நிரப்பினதைத் தொடாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!" என் வலது கையை இழுத்து, விரல் விரலாகத் தடவிப் பார்த்தான். "எவனோ ஒரு மடையன் ரெண்டு தடவை கொட்டியிருக்கான். இதைச் சுட்டிருந்தா இந்தக் கை இருக்குமா? யாரா இருந்தாலும் சரி, அந்த ஆளை இனி மருந்து டப்பா பக்கமே விடக் கூடாது. நீ அவன்கிட்ட சொல்லிடு."

"சொல்லிடறேன்" என்றேன்.

"மறக்காம சொல்லு."

"மறக்க மாட்டேன்."

அவனுக்கு மனசு ஆறிவிட்டது. மரக்கட்டையை முன்னால் இழுத்தான். காலிக் கூடுகளை ஒவ்வொன்றாகக் குழியில் நிறுத்தினான். "இரு, உனக்கு நானே நல்லதா நாலு போட்டுத் தரேன்" என்று சொல்லி மருந்து டப்பாவுக்குக் கையை நீட்டினான்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த டப்பாவை நான் தொட்டதில்லை. இப்போது எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"விடு, வெல்டா. என்ன இது?"

நான் விடவில்லை.