ஊதாக்காவும் கசங்கிய கோட்டும்

மணி ஒன்பதரை. பதினொன்றுக்குக் கோர்ட்டில் ஜாமீன் மனு. தடயவியல் கூடத்து நீராவி அலமாரி அந்த நேரம் பார்த்தா உயிரை விடவேண்டும்?

"போச்சு!" என்றாள் ஊதாக்கா. காகிதத்தில் பதிந்த கைரேகையை ஊதாவாக்கிக் காட்டும் நின்ஹைட்ரின் கரைசலோடு மல்லுக்கட்டி நகமெல்லாம் ஊதாவாகிப் போனதால் வந்த பெயர்.

அவள் இடுக்கியில் ஒரு மிரட்டல் கடிதம். பள்ளிக்கூட பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்கு அடியில், ஒட்டிய உறைக்குள் கிடந்ததாம். "பிரிக்காம அப்படியே போலீஸ்கிட்ட குடுத்தேன்" என்று பள்ளி மேனேஜர் வாக்குமூலம். டிரைவர் மூன்று நாளாக உள்ளே. அவன் மனைவி வாசல் பெஞ்சில்.

கரைசல் தெளித்தாயிற்று. ஈரச்சூடு பட்டால் நிமிஷத்தில் ரேகை எழும்பும். படாவிட்டால் நாளைக்கோ, மறுநாளோ!

பக்கத்து அறையில் 'புஸ்ஸ்' என்று சத்தம். எட்டிப் பார்த்தாள். கைரேகை நிபுணர் கோர்ட்டுக்குப் போட்டுப்போக வேண்டிய கோட்டை நீராவி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்தப் பெட்டியக் குடுங்க!"

"ஏம்மா, ஒரு கைதான் முடிஞ்சிருக்கு. ஜட்ஜ் பாத்துச் சிரிக்கவா?"

"சிரிக்கட்டும் சார். வெளிய ஒருத்தி மூணு நாளா அழுதுட்டிருக்கா."

பெட்டி கை மாறியது. காகிதத்துக்கு ஒரு விரல்கடை மேலே பிடித்து நீராவியைத் திறந்தாள். பெட்டி காகிதத்தில் பட்டால் தொலைந்தது!

"மூச்சு விடாதீங்க சார்."

"நீராவிக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு விட்டேன்."

ஒரு நிமிஷம். வெறும் காகிதம். இன்னொரு நிமிஷம். ஓரத்தில் லேசாக ரோஜா நிறம்...

"வருது சார், வருது!"

ரோஜா ஊதாவாக இருண்டது. கோடு கோடாக, சுழி சுழியாக, முழுசாக ஒரு கட்டைவிரல். நடுவே குறுக்காக ஒரு வெட்டுத் தழும்பு.

நிபுணர் பூதக்கண்ணாடியோடு பாய்ந்தார். பள்ளியில் எல்லோரிடமும் எடுத்த ரேகைத் தாள்களைப் புரட்டினார். டிரைவர்? இல்லை. கிளீனர்? இல்லை. அடுத்த தாளில் கை நின்றது. அதே சுழி, அதே தழும்பு! ஒவ்வொரு புள்ளியாக எண்ணி முடித்துக் கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"மேனேஜர்! உறையவே பிரிக்காத மகராசன், உள்ள இருந்த காகிதத்துல எப்படிம்மா கை வெச்சான்?"

படம் எடுத்து, அறிக்கையில் கையெழுத்துப் போட்டு, பாதி தேய்த்த கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினார். "கோர்ட்டுக்கு வாங்கம்மா, சீக்கிரம்!" என்ற குரல் கேட்டு வாசல் பெஞ்சும் காலியானது.

பதினொன்றரைக்கு ஃபோன்.

"ஜாமீன் கெடச்சிருச்சும்மா!"

"ஜட்ஜ் சிரிச்சாரா சார்?"

"கோட்டப் பாத்துச் சிரிச்சாரு. ரேகையப் பாத்ததும் நிறுத்திட்டாரு."