முப்பத்தோராம் இலக்கம்

மார்கழிப் புயல் ஓய்ந்த நாலாம் நாள் காலை, கரம்பொன் கடற்றொழிலாளர் சங்க வாசலில் ஆட்கள் குந்தியிருந்தார்கள். கடல் இழுத்துப்போன வள்ளங்கள் சில அனலைதீவுக் கரையில் ஒதுங்கியிருந்தன. அங்கிருந்து வந்த துண்டுக் கடிதத்தில் வள்ளங்களின் இலக்கங்கள் மட்டுமே இருந்தன. சங்கப் பதிவேடோ பெயர் வரிசையில் எழுதப்பட்டிருந்தது. இலக்கத்தை வைத்து ஆளைப் பிடிக்க ஏடு முழுவதையும் புரட்ட வேண்டும்.

எழுத்து வேலை பார்த்த ஞானசவுந்தரி புதுக் கொப்பி ஒன்றில் கோடு போட்டு, இடப்பக்கத்தில் ஒன்று தொடக்கம் இலக்கங்களை வரிசையாக எழுதினாள். பிறகு பழைய ஏட்டைப் பெயர் பெயராக வாசித்து, அந்தந்த இலக்கத்துக்கு நேரே இறக்கினாள். பஸ்ரியாம்பிள்ளைக்கு முப்பத்தொன்று; அனலைதீவுத் துண்டிலும் இருந்த இலக்கம். அதற்கு நேரே ஏற்கெனவே எமிலியானுஸ் என்று எழுதியிருந்தாள்.

"ஐயா, ஒரே இலக்கத்தை ரெண்டு வள்ளத்துக்குக் குடுத்திருக்கினம்."

காரியதரிசி அப்புத்துரை நிமிர்ந்தார். "எமிலியானுஸ் போன வருசம் செத்துப்போனான். அதை வெட்டிப்போட்டு மற்றதை எழுதும்."

"அவரின்ர பெண்சாதி ஜசிந்தா இருக்கிறா ஐயா. அவவின்ர தம்பிதான் வள்ளம் ஓட்டுறவர்."

ஞானசவுந்தரி வெட்டவில்லை. அதே கோட்டில் இரண்டாவது பெயரையும் நெருக்கி எழுதி, இரண்டு வீட்டுக்கும் ஆளனுப்பினாள்.

ஜசிந்தாவும் பஸ்ரியாம்பிள்ளையும் ஒரே தோணியில் அனலைதீவுக்குப் போனார்கள். மணலில் சரிந்து கிடந்த வள்ளத்தில் முப்பத்தொன்று தெளிவாகத் தெரிந்தது. பஸ்ரியாம்பிள்ளை அதைச் சுற்றி வந்து, பின்பலகையில் அறைந்திருந்த தகரத்தை விரலால் தடவினார்.

"இது உன்ர மனிசன் அடிச்ச தகரம், தங்கச்சி. என்ர வள்ளத்தில தகரமில்லை. அது கடலோட போட்டுது."

ஜசிந்தா அந்தத் தகரத்தில் கைவைத்தபடி மணலில் குந்தினாள்.

"திங்கட்கிழமை தொடக்கம் தம்பியோட நீங்களும் கடலுக்கு வாங்கோ அண்ணை. படுற மீனில சரிபாதி உங்களுக்கு."

அடுத்த நாள் அவள் ஞானசவுந்தரிக்கு ஒரு பாரைக் கருவாடு கொண்டுவந்தாள். "நீர் அந்தப் பேரை வெட்டியிருந்தால் நாங்கள் இல்லை, பிள்ளை. மடுமாதா உம்மைக் காப்பாத்துவா."

தொலைந்த வள்ளங்களுக்கு அரசாங்கம் புதிது கொடுக்கப் போவதாகத் தை மாதம் அறிவித்தல் வந்தது. பஸ்ரியாம்பிள்ளை சங்கத்துக்குப் போனார்.

"முப்பத்தொன்று கிடைச்சிட்டுதெண்டு எழுதி அனுப்பியாச்சு," என்றார் அப்புத்துரை. "கிடைச்ச இலக்கத்தைத் துலைஞ்சதெண்டு எப்பிடி எழுத ஏலும்?"

முப்பத்தொன்றில் இரண்டு வள்ளம் இருந்ததை விளக்கி ஞானசவுந்தரி அரசாங்கக் கந்தோருக்கு இரண்டு கடிதம் எழுதினாள்; பதில் வரவில்லை. மூன்றாவதை எழுத எடுத்தபோது பஸ்ரியாம்பிள்ளை தடுத்தார்.

"நீர் எனக்காக எழுதினீர். அது போதும் பிள்ளை. ஜசிந்தா புண்ணியத்தில ரெண்டு நேரம் உலை கொதிக்குது."

பங்குனியில் புது வள்ளம் கிடைக்கும் இலக்கங்களின் பட்டியல் வந்து சங்கச் சுவரில் ஒட்டப்பட்டது. பஸ்ரியாம்பிள்ளைக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, இலக்கம் தெரியும். மீன் செதில் ஒட்டிய விரலை வைத்து மேலிருந்து மெல்ல இறக்கிக்கொண்டு வந்தார். இருபத்தெட்டு. முப்பது. முப்பத்திரண்டு.

விரலைத் திரும்ப முப்பதுக்கு ஏற்றி, இன்னொரு தரம் இறக்கினார்.