பெட்ரோனாவின் ஆங்கிலம்

மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் பதினேழாம் கேள்வி: ஆங்கிலம் எவ்வளவு தெரியும்? மத்திய அமெரிக்க நாடான பெலீசின் தெற்கே, கெக்சி என்ற மாயா மொழி பேசும் இந்த ஊரில் இருபத்தாறு வீட்டிலும் ஒரே பதில்தான். நன்றாகத் தெரியும். நான் நாட்டின் பொதுப் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டேன். பாதி வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைதான் அதையும் கெக்சியில் மாற்றிச் சொன்னது. தெரியாது என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. பத்தொன்பது வருடமாக ஆங்கில டீச்சராக இருக்கிற எனக்கு எரிச்சலாக வந்தது.

இருபத்தேழாவதாக, கடைசி வீடு பெட்ரோனா ஈக்காலுடையது. அன்று அவர்கள் வயலில் சோள நடவு. ஊர் ஆண்கள் கூட்டாக நடப் போயிருந்தார்கள். பெண்கள் எல்லாரும் அவள் அடுப்படியில் கோழிச்சாறு காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கெக்சி, மோபான், ஸ்பானிஷ், கிரியோல் என்று நாலு பாஷையில் சந்தையையே ஆட்டிவைப்பவள் பெட்ரோனா. போதாக்குறைக்கு, ஒரு வெள்ளைக்காரனிடம் ஆங்கிலத்திலேயே பேரம் பேசிக் கொக்கோ விற்றதாக இருபது வருடமாகப் பெருமை.

“என்ன எழுதட்டும்?” என்றேன்.

“இதெல்லாம் ஒரு கேள்வியா டீச்சர்? நல்லாத் தெரியும்னு போடுங்க. மருமவளுக்கும் அதேதான்.”

மருமகள் ஃபிதேலியா சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நாலு மாத வயிறு. நான் ஆங்கிலத்தில் கேட்டேன்: “பிரசவம் எப்போது?”

“யெஸ்,” என்று சிரித்தாள்.

“தலை சுற்றுகிறதா?”

“யெஸ்.”

“சுற்றவே இல்லையா?”

“யெஸ்.”

பெண்கள் சிரித்தார்கள். பெட்ரோனா சிரிக்கவில்லை.

“ஆஸ்பத்திரியில நர்ஸுகிட்டயும் இதையேதான் சொல்லிட்டு வந்திருப்பா,” என்றாள். பிறகு என்னிடம், “இந்தக் கணக்க யாரு பாப்பாங்க?”

“டவுன் ஆஸ்பத்திரிக்காரங்க. கெக்சி பேசுற ஆளப் போடணுமா வேண்டாமான்னு இத வெச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க. இப்ப இருக்குற கணக்குப்படி வேண்டாம்.”

பெட்ரோனா கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். முதலில் பெண்களிடம் கெக்சியில் ஏதோ சொன்னாள். அதையே எனக்குக் கிரியோலில் சொன்னாள்: “அடிச்சிட்டு எழுதுங்க டீச்சர். எனக்கு இங்கிலீஷ்ல விலை சொல்லத் தெரியும். அத விட்டா ஒண்ணும் தெரியாது.”

“அப்ப அந்த வெள்ளைக்காரன்?” என்று ஒருத்தி குத்தினாள்.

“அவன் வெரலக் காட்டுனான், நானும் வெரலக் காட்டுனேன். போதுமாடி?”

இருபது வருடப் பெருமையை ஒரே மூச்சில் அடுப்பில் போட்டுவிட்டாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

குத்தியவளே முதலில் எழுந்து வந்தாள். “எங்க வீட்டுத் தாளையும் எடுங்க டீச்சர்.” அவளுக்குப் பின்னால் அடுத்தவள், அப்புறம் இன்னொருத்தி. உட்கார்ந்த இடத்திலேயே திருத்திக்கொண்டிருந்தேன். இவ்வளவு தைரியத்தை நான் எந்த வகுப்பிலும் பார்த்ததில்லை.

கடைசியாக ஃபிதேலியா. ஆங்கிலம் தெரியுமா என்று பெட்ரோனா கெக்சியில் கேட்டுவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் மாவுக் கையோடு கொஞ்சம் யோசித்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“நோ.”