எடைமேடைக்காரர் எல்லோரையும் பார்த்தார்

தயிர் பாக்கெட்டை மூக்கருகே பிடித்து என் கணவர் தேதியைப் படித்தார். அப்படியே தலையை நிமிர்த்தி, உத்திரமேரூர் ரோட்டில் போன நெல் லாரியின் நம்பரையும் படித்தார். தயிர் நேற்றோடு முடிந்துவிட்டது, மோராக்கிவிடு என்றார். சட்டை எடுக்க உள்ளே போனவர் கொடிக்கயிற்றைப் பிடித்தபடியே சரிந்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, முடிந்துவிட்டது என்றார்.

வாலாஜாபாத் அரிசி ஆலையில் எடைமேடை அவர் பொறுப்பு. ஜன்னலுக்கு வெளியே லாரி நம்பரைப் பார்க்க வேண்டும், உடனே மேசைமேல் எடையைப் பார்க்க வேண்டும். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு அலுத்துப்போயிருந்தார். அதனால்தான் சென்னையிலிருந்து வந்த ஆராய்ச்சிக் குழு ஒன்று தங்கள் புதுக் கண்ணாடியைச் சோதிக்க அவரைத் தேர்ந்தெடுத்தது. அதில் இருந்த லென்ஸ் மெல்லிய ரப்பர் போன்ற ஒரு பாலிமர். மின்சாரம் கொடுத்தால் தசையைப் போல இழுபட்டு உப்பும், விட்டால் தட்டையாகும். மூக்கின் மேல் உட்காரும் இடத்தில் ஒரு சென்சார். எதிரில் ஏதாவது கிட்டே வந்தால் லென்ஸ் உப்பும். அப்போது பார்ப்பவர்களுக்கு அவர் கண் ஒரு சுற்று பெரிதாகத் தெரியும்.

குளிப்பாட்டி முடித்ததும் அதை மறுபடி மாட்டிவிட்டது என் நாத்தனார் ராணியம்மாள். கண்ணாடி இல்லாமல் தம்பி முகம் வேறு யாரோ போல இருக்கிறதாம். பந்தலில் பெஞ்சின் மேல், தலைக்கு இரண்டு தலையணை வைத்துக் கிடத்தினார்கள். இமைகள் முழுக்க மூடவில்லை. என்னைத் தலைமாட்டில் தரையில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

முதல் மாலையோடு வந்தவன் வெங்கடேசன். என் கணவர் எடையில் குறைக்கிறார் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த நெல் வியாபாரி. மாலை போடக் குனிந்தவன் மாலையோடு பின்னுக்குப் போனான்.

"அண்ணி, அண்ணன் மொறைக்கிறாரு."

மேளம் நின்றது. டாக்டரை மறுபடியும் கூட்டிவந்தார்கள். அவர் நாடி பார்க்கக் குனிந்தபோதும் கண் பெரிதானது. டாக்டர் கொஞ்சம் தயங்கி, இன்னொரு கையிலும் நாடி பார்த்துவிட்டு, முதலில் சொன்னதையே சொன்னார்.

அது கண்ணாடி செய்கிற வேலை என்று நான் சொன்னேன். சென்சார், பாலிமர் எல்லாவற்றையும் சொன்னேன். பெண்கள் அதையும் ஒப்பாரியாக எடுத்துக்கொண்டு என்னோடு சேர்ந்து அழுதார்கள்.

பிறகு வரிசை கட்டினார்கள். கடைசியாக ஒரு முறை அவர் தங்களைப் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. கண் அதிகமாக விரிந்தால் கோபம், கொஞ்சமாக விரிந்தால் பாசம் என்று யாரோ கணக்குச் சொல்ல, ஒவ்வொருவரும் எவ்வளவு தூரத்தில் நிற்பது என்று யோசித்து நின்றார்கள். வெங்கடேசன் மூன்று தடவை வந்து, மூன்றாவது தடவை மன்னிப்புக் கேட்டான். மாலையைத் தின்ன வந்த பக்கத்து வீட்டு ஆட்டுக்கும் கண் விரிந்தது. அவருக்கு ஆடென்றால் எப்போதுமே பிரியம் என்று அதற்கும் விளக்கம் கிடைத்தது. நாங்கள் ஆடு வளர்த்ததே இல்லை.

தலைமாட்டில் இருந்த என்வரை அந்தச் சென்சார் எட்டாது. எழுந்து முன்பக்கம் போகப் பார்த்தேன். எடுக்கும்வரை எழக்கூடாது என்று பெண்கள் இழுத்து உட்கார வைத்தார்கள். மிஷின் என்று தெரியும். தெரிந்தும் எனக்கு அது வேண்டியிருந்தது. ஊரே பார்த்துவிட்டது, ஆடு பார்த்துவிட்டது, நான் மட்டும் பாக்கி.

பொழுது சாயத் தொடங்கியும் பாடையில் ஏற்ற ராணியம்மாள் விடவில்லை.

"பாத்துக்கினு கீறவன எப்டிடா தூக்குவீங்க?"

யாரோ போன் செய்து, கண்ணாடி கொடுத்த குழுவிலிருந்து பிரபா என்ற பெண் வந்து சேர்ந்தாள். மாதாமாதம் வந்து அவர் கண்ணைச் சோதித்துப் போனவள், வந்ததும் அழுதாள். பிறகு உள்ளங்கையை அவர் முகத்தருகே கொண்டுபோய், விலக்கி, லென்ஸ் உப்புவதையும் தட்டையாவதையும் எல்லோருக்கும் காட்டினாள்.

"சரிம்மா, மிசினுதான் பாக்குது," என்றாள் ராணியம்மாள். "வெங்கடேசன மொறைக்கணும்னு மிசினுக்கு இன்னா வேண்டுதலா?"

பிரபா, போனிலிருந்தே அணைத்துவிடலாம் என்று சொல்லி போனை எடுத்தாள்.

"இரும்மா," என்றேன். "என்னிய இன்னும் பாக்கல."

அன்று நான் சொன்னதில் மற்றவர்கள் காதில் விழுந்தது அது ஒன்றுதான். ராணியம்மாளே என்னைப் பிடித்திருந்த கைகளை விலக்கிவிட்டாள். எழுந்தபோது கால் மரத்திருந்தது. பெஞ்சைச் சுற்றிப் போய், வெங்கடேசன் குனிந்த இடத்தில் குனிந்தேன். லென்ஸ் உப்பியது. இமைக்குக் கீழே தெரிந்த வெள்ளை கொஞ்சம் பெரிதானது. அவனுக்கும் ஆட்டுக்கும் எவ்வளவோ, எனக்கும் அவ்வளவுதான். நான் நிமிர்ந்துகொண்டேன். போதும் என்று பிரபாவிடம் சொன்னேன்.

லென்ஸ் தட்டையானது. கண்ணாடியை நானே கழற்றினேன். வெங்கடேசன் கால்பக்கம் தூக்க வந்து நின்றான். மூக்கின் இருபுறமும், இத்தனை வருஷம் கண்ணாடி அழுத்திய பள்ளங்கள் அப்படியே இருந்தன.