பின்வரிசை மூன்றாம் நூல்

சீசனின் கடைசி ஞாயிறு. மலை உச்சியில் காற்று தங்கமாக இருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரே சீராக ஏறி வந்து, முகத்தை லேசாகத் தடவிவிட்டுப் போனது. இப்படி ஒரு காற்று வருஷத்தில் பத்து நாள் கிடைத்தால் பெரிது. லிஃப்டக்காவுக்கு இன்னும் ஒரே ஒரு தடவை பறந்தால் போதும்.

அவள் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவள். இருபது வருஷமாக அதுதான் வேலை. அதனால் பாராகிளைடிங் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரமே எல்லோரும் லிஃப்டக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே ஒரு விதி உண்டு. ஒரே சீசனுக்குள் மாஸ்டரின் கண்பார்வையில் நாற்பது தடவை பறந்து இறங்க வேண்டும். அப்போதுதான் தனியாகப் பறப்பதற்கான அட்டை கிடைக்கும். ஒன்று குறைந்தாலும் அடுத்த சீசனில் மறுபடி முதலிலிருந்து. அவள் முப்பத்தொன்பது முடித்திருந்தாள்.

போன வாரம் போலவே அன்றைக்கும் நாத்தனார் வந்திருந்தாள். புருஷனின் அக்கா. "நாப்பத்தாறு வயசுல இவ பறக்கப் போறாளாம்" என்று போன வருஷம் சொந்தபந்தம் மொத்தத்துக்கும் போன் போட்டுச் சொன்னவள். "நீ நாப்பது முடிச்சுக் காட்டு, அதுக்கப்புறம் இதைப் பத்தி நான் வாயையே தொறக்க மாட்டேன்" என்று சவால் வேறு விட்டிருந்தாள். அந்த ஒரு பரிசுக்காகவே முடித்துவிடலாம் என்று புருஷன் அவள் காதோடு சொன்னார். தன் அக்காவை எதிர்த்து அவர் செய்த ஒரே புரட்சி அதுதான். இப்போது ஃபிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு பாறை மேல் உட்கார்ந்திருந்தார். நாத்தனார் போனைக் கையில் பிடித்து வீடியோவுக்குத் தயாராக நின்றாள்.

லிஃப்டக்கா தன் துணி இறக்கையைப் புல்லில் விரித்தாள். மாம்பழ மஞ்சள் நிறம், கொழுத்த உடம்பு. புதிதாகக் கற்கிறவர்களுக்கென்றே தைத்தது. வேகம் போதாது, வீம்பும் கிடையாது. நடுவானில் ஒரு பக்கம் மடங்கிப்போனாலும், நாம் பதறுவதற்குள் தானே விரிந்துகொள்ளும். மற்றவர்கள் அதை 'மெத்தை' என்று கேலி செய்வார்கள். அவள் அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். ஈரத்தோடு மடிக்க மாட்டாள். வெயிலில் போட்டு வைக்க மாட்டாள். மடிப்பதற்கு முன் உள்ளே வெட்டுக்கிளி ஏதாவது புகுந்திருக்கிறதா என்று ஒவ்வோர் அறையாக உதறிப் பார்ப்பாள். மாட்டிக்கொண்ட வெட்டுக்கிளி துணியைத்தான் கடித்துத் தின்னும்.

பறக்கும்போது ஆளைத் தாங்குகிற நூல்களை விரல்களுக்கிடையில் விட்டு ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போனாள். முன்வரிசை சரி. நடுவரிசை சரி. பின்வரிசையில் மூன்றாவது நூலில் விரல் நின்றது. நூல்களைக் கோத்திருக்கும் இரும்பு வளையத்துக்கு ஒரு சாண் மேலே ஓர் அரிசி நீளத்துக்கு மேலுறை உரிந்து, உள்ளேயிருக்கும் வெள்ளை இழை பல்லைக் காட்டியது.

எங்கே உரிந்தது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. போன ஞாயிறு இறங்குகிற மைதானத்தில், சரளைக்கல் மேல் கிடந்த நூல்களின் மீது நாத்தனார் தன் கட்டைச் செருப்போடு ஏறி நின்று, "இதைச் சுருட்ட இவ்வளவு நேரமா?" என்று கேட்டாள். அந்த அவசரத்தில் பார்க்காமல் மடித்தது இவள் தப்பு. வழக்கமாக மறுநாளே வீட்டில் விரித்துப் பார்த்துவிடுவாள். இந்த வாரம் வேலை மூச்சு விட விடவில்லை, பார்க்கவில்லை. அதுவும் இவள் தப்புதான். நேற்று பார்த்திருந்தால் மாஸ்டரின் பட்டறையில் மாற்று நூல் இருந்தது. இப்போது பட்டறை மலைக்குக் கீழே, ஊருக்குள் இருந்தது; போய் வருவதற்குள் காற்று விழுந்துவிடும்.

"மாஸ்டர், இங்க வாங்க."

மாஸ்டர் குனிந்து பார்த்தார். ஆள் நல்லவர்தான். ஆனால் கூட்டத்துக்கு நடுவில் ஒரு முடிவு சொல்வதென்றால் மென்று முழுங்குவார். "உறை போயிருக்கு. புத்தகப்படி மாத்தணும்" என்றார். பிறகு காற்றைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "பன்னெண்டு நிமிஷப் பறப்பு. காத்தும் சாதுவா இருக்கு. உங்க இஷ்டம்க்கா."

கூட்டம் கூடிவிட்டது. எல்லோரும் ஆளுக்கொரு நூல் நிபுணர் ஆகிவிட்டார்கள்.

"இத்தனை நூல்ல ஒண்ணுதானேக்கா? நான் இதைவிட மோசமானதோட ஒரு மாசம் பறந்திருக்கேன்" என்றான் சுருட்டைமுடி. அந்தக் கும்பலில் அதிக உயரம் போகிறவன். "இல்லாட்டி என்னோடதை எடுத்துக்கோங்க."

அவனுடைய இறக்கை கத்தி மாதிரி மெலிந்தது. கை நடுங்கினால்கூட அதற்குப் பொறுக்காது.

"உன்னோடதுல நான் இதுவரைக்கும் பழகினதில்லப்பா. நாப்பதாவது தடவை அதைக் கத்துக்கிற நேரம் இல்ல" என்றாள்.

நாத்தனார் போனைத் தாழ்த்தினாள். "என்னாச்சு? பயந்துட்டியா?"

"நூல் சரியில்ல அண்ணி."

"போன வாரம் சரியா இருந்துச்சே! சும்மா ஒரு சாக்கு. எனக்குத் தெரியும், கடைசி நேரத்துல கால் பின்வாங்கும்னு."

அவளுக்குச் சுருக்கென்றது. வாய் வரைக்கும் வந்தது: உங்க செருப்பு பண்ணின வேலை அண்ணி. சொன்னால் பேச்சு நூலை விட்டுவிட்டு யார் மேல் தப்பு என்பதற்குப் போய்விடும். அதில் மாலை வரை நேரம் ஓடும். விழுங்கிக்கொண்டாள்.

இந்த மாதிரி கூட்டம் அவளுக்குப் புதிதல்ல. லிஃப்டின் கம்பிக்கயிற்றில் நான்கு இழை தெறித்திருந்தால், 'இயங்காது' என்ற பலகையைத் தொங்கவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்புவாள். ஒன்பதாவது மாடிக்காரர் கத்துவார். செயலாளர் அவள் மேலதிகாரிக்குப் போன் போடுவார். நேற்று வரை ஓடியதே என்பார்கள். விழுகிற லிஃப்ட் எல்லாமே முந்தின நாள் வரை ஓடியதுதான். அவள் நிறுத்திய லிஃப்ட் ஒன்றுகூட விழுந்ததில்லை. அதனாலேயே ஒருவரும் அவளுக்கு நன்றி சொன்னதுமில்லை.

"நான் பறக்கல" என்றாள். குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. வந்தால் வரட்டும் என்றிருந்தது.

மாஸ்டர் பதிவேட்டைப் புரட்டினார். "அக்கா, அப்ப முப்பத்தொன்பதும்..."

"தெரியும். அடிச்சிடுங்க."

"இன்னொரு தடவை யோசிச்சு..."

"யோசிச்சாச்சு மாஸ்டர். காரணம்னு ஒரு கட்டம் இருக்கில்ல, அதுல 'பின்வரிசை மூணாவது நூல்'னு எழுதுங்க. 'முடிவு என்னுது'ன்னும் எழுதுங்க. அப்புறம் யாரும் உங்களைக் கேக்க மாட்டாங்க."

அவர் எழுதினார். அந்த முப்பத்தொன்பதின் மேல் கோடு விழுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. முதல் தடவை குதிகால் இரண்டும் தரையை விட்டபோது தொண்டையில் வந்த சிரிப்பு, பதினேழாவது தடவை பருந்து ஒன்று பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தது, எல்லாம் அந்தக் கோட்டுக்கு அடியில் போயின. அழுகை வந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அங்கேயே உட்கார்ந்து இறக்கையை மடித்தாள், வெட்டுக்கிளி பார்த்துத்தான் மடித்தாள்.

ஜீப்பில் மூவரும் மலையிறங்கினார்கள். வழி நெடுக நாத்தனார் பேசிக்கொண்டே வந்தாள். தலைக்கு மேலே சிவப்பும் நீலமுமாக மற்றவர்கள் ஒவ்வொருவராக மிதந்து போனார்கள். ஒருவருக்கும் ஒரு குறையும் வரவில்லை. எல்லோரும் பூப்போல இறங்கினார்கள்.

மைதானத்தின் ஓரத்தில் ஒரு கம்பத்தில் தண்டவாளத் துண்டு தொங்கும். பறந்து இறங்கியவர்கள் அதை ஒரு தடவை அடித்துவிட்டுத்தான் ஹெல்மெட்டைக் கழற்றுவார்கள். ஜீப்பில் வந்தவர்கள் அந்தப் பக்கமே பார்க்காமல் நழுவிவிடுவது வழக்கம். பள்ளி ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான்.

லிஃப்டக்கா ஜீப்பிலிருந்து இறங்கினாள். பையை முதுகில் மாட்டினாள். நேராகக் கம்பத்துக்குப் போய் இரும்புக் கோலை எடுத்து ஓங்கி ஒன்று போட்டாள். மைதானம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அக்கா, அது பறந்து வந்தவங்க அடிக்கிறது" என்றான் சுருட்டைமுடி.

"பத்திரமா கீழ வந்தவங்க அடிக்கிறதுதானேப்பா? நானும் பத்திரமாத்தான் வந்திருக்கேன்."

இன்னொன்றும் போட்டாள். அது வீம்புக்கு. புருஷன் ஃபிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். தன் அக்கா முறைத்ததும் நிறுத்திக்கொண்டார், ஆனால் கொஞ்சம் மெதுவாகத்தான் நிறுத்தினார்.

அடுத்த வாரமே பட்டறையிலிருந்து புது நூல் வந்தது. காலையில் வாசலில் பெரிய துணி விரித்து, அதன் மேல் இறக்கையைப் போட்டு, பழைய நூலைக் கழற்றிப் புதியதை மாட்டினாள். மறுபக்கத்து ஜோடி நூலோடு சேர்த்து வைத்து, நீளம் ஒன்றாக இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தாள். ஒரு விரலகலம் கூடினாலும் இறக்கை ஒரு பக்கமாக இழுக்கும்.

நாத்தனார் வந்து சேர்ந்தாள். கழற்றிப் போட்ட நூலைக் கையில் எடுத்து அப்படியும் இப்படியும் பார்த்தாள். "இதுக்காகவா? இது அறுந்திருக்கும்ங்கிறே? தொங்கவிட்டுப் பாத்துடுவோம். எனக்கும் தெரிஞ்சாகணும்."

கார் நிறுத்துகிற கொட்டகையின் இரும்புக் குழாயில் நூலின் ஒரு முனையை மாட்டினார்கள், மறுமுனையில் நான்கு மூலையிலும் கயிறு கட்டிய ஊஞ்சல் பலகை. பூந்தொட்டி இரண்டு வைத்தார்கள். தாங்கியது. முழு சிமெண்டு மூட்டை ஒன்றைப் புருஷன் மூச்சு வாங்க ஏற்றினார். தாங்கியது. நாத்தனாருக்குப் பொறுமை போய்விட்டது. "எறக்குங்க அதை" என்று சொல்லிவிட்டு, பக்கத்துத் தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தானே பலகை மேல் உட்கார்ந்தாள். அவள் கனத்த உடம்புக்காரி. தூணை விட்டாள். கால்களைத் தூக்கினாள். நூல் ஒரு முனகல் முனகியது.

லிஃப்டக்கா நூலையே பார்த்துக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொன்னால், அறுந்துவிடாதா என்று வேண்டிக்கொண்டாள். பலகை தரையிலிருந்து அரை அடிதான், அண்ணிக்கு ஒன்றும் ஆகாது. ஒரே ஒரு படார் சத்தம் கேட்டால் போதும். முப்பத்தொன்பதுக்கும் அதுவே பதிலாகிவிடும்.

அறுந்துபோகவில்லை. நாத்தனார் இப்படியும் அப்படியும் ஆடிக்கூடப் பார்த்தாள்.

"பாத்தியா! ஒண்ணும் ஆகல. நீ பறந்திருக்கலாம். அநியாயமா எல்லாத்தையும் விட்டுட்டு வந்தே."

லிஃப்டக்காவுக்கும் அப்படித்தான் தோன்றியது. சரிதான், பறந்திருக்கலாம். பன்னிரண்டு நிமிஷம், அட்டை, அண்ணியின் வாய்க்குப் பூட்டு. எல்லாம் அன்றைக்கே கிடைத்திருக்கும்.

ஆனால் அவள் தலை குனியவில்லை.

"தாங்கும்னு இப்பத் தெரியுது அண்ணி. அன்னைக்கு எனக்குத் தெரியாது. தெரியாத நூலை நம்பி நான் தரையை விட்டுக் காலை எடுக்க மாட்டேன். நாளைக்கே மறுபடி இப்படி ஒண்ணு கண்ணுல பட்டாலும், இதேதான் செய்வேன்."

நாத்தனார் ஆட்டத்தை நிறுத்தினாள். பலகையில் உட்கார்ந்தபடியே கண்ணுக்கு நேரே இருந்த அந்த வெள்ளை இழையைப் பார்த்தாள். "எப்படித்தான் உரிஞ்சுது இது?"

"கல்லு மேல கிடந்தப்ப மிதி பட்டுச்சு."

"யார் மிதிச்சது?"

லிஃப்டக்கா குனிந்து பூந்தொட்டியை ஓரமாக நகர்த்தினாள். புருஷன் வானத்தைப் பார்த்தார். நாத்தனார் தன் கால்களைப் பார்த்தாள். அதே கட்டைச் செருப்புதான்.

"அப்பவே, அத்தனை பேர் முன்னாடி நான் வாய்க்கு வந்ததைப் பேசினப்ப, ஏன் சொல்லல?"

"யார் மிதிச்சாங்கன்னு தெரிஞ்சா நூல் ஒட்டிக்குமா அண்ணி?"

பலகை கிறீச்சென்றது.

"அப்ப மறுபடியும் ஒண்ணுலேருந்தா?" என்றாள் நாத்தனார்.

"ஒண்ணுலேருந்துதான். முப்பத்தொன்பது தடவை கூடுதலாப் பறக்கப் போறேன். யாருக்கு நஷ்டம்?"

"நீ நாப்பது முடிக்கிற வரைக்கும் நான் பேசிக்கிட்டுத்தான் இருப்பேன்."

"பேசுங்க. மேல போயிட்டா எதுவும் காதுல விழாது."

நாத்தனார் பலகையிலிருந்து இறங்கினாள். செருப்பு இரண்டையும் கழற்றிச் சுவரோரமாக வைத்தாள். வெறுங்காலோடு வந்து மஞ்சள் இறக்கையின் மறுகோடியைப் பிடித்துக்கொண்டு, "இதை எப்படி மடிக்கணும், சொல்லித் தொலை" என்றாள்.

"முதல்ல உதறுங்க அண்ணி. வெட்டுக்கிளி இருக்கும்."